இன்னும் ரெண்டு பக்கம்

ராத்திரி ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது.
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றால்
சோமனூரில் முதலில் கேட்பது
காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல்தான்.
அது அடங்கச் சித்தெ நேரமாகும்.
பிறகு சுவர்க்கோழி.
பிறகு ரோட்டு லாரி.
அதற்கும் பிறகுதான் இவர்.

"போச்சாது" என்றார்.
சனிக்கிழமை பீஸ் இறக்க வேண்டும்,
குடோன்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டார்,
இருந்தும் போச்சாது.
மெயினை இறக்கிவிட்டு
சார்ஜர் லைட்டோடு வந்து
பாவு உருளைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்தார்.
நான் புத்தகத்தை எடுத்தேன்.

கிளை நூலகத்துப் புத்தகம், மூன்றாம் தடவை புதுப்பித்தது.
முன்அட்டை கிழிந்துபோய்ப் பேர் தெரியாது.
கலங்கரை விளக்கத்தில் தனியாய் வேலை பார்க்கிற ஒருத்தன்,
மாசக்கணக்காய் அவனுக்கு வராத படகு.
நாங்கள் கடல் பார்த்தது ஒரே தடவை,
ராமேஸ்வரத்தில், மாமனார் சாம்பலோடு.
அதனால் என்ன,
உப்புக்காற்று என்று நான் படித்தால்
இவர் உதட்டைத் துடைத்துக்கொள்கிறார்.

இருபத்தாறு வருசத் தறிச் சத்தத்தில்
வலக்காது போய்விட்டது இவருக்கு.
இடப்பக்கம் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறேன்.
லைன்வீட்டு சொர்ணாத்தாள்
காலையில் குழாயடியில் கேட்பாள்:
"ஏனக்கா, படகு வந்துச்சா?"

"அந்தாளு சாப்பிட்டானாமா?"
நடுவில் இப்படிக் கேட்பது இவர் வழக்கம்.
எழுதியவர் அதையெல்லாம் எழுதவில்லை.
இல்லாத வரி ஒன்றைச் சேர்த்து
அவனுக்கு அரிசிம்பருப்புச் சோறு போடுவேன்,
ஒரு கரண்டி நெய் விட்டு.
கடல் நடுவில் அது ஏது என்று
சென்னியப்பன் இதுவரை கேட்டதில்லை.

நிறுத்திய இடத்தில் ஊடைநூல் ஒரு துண்டு வைப்போம்.
பழையதை எடுப்பதில்லை.
காடா ஓட்டுகிறவர்களுக்கு நிறமேது, எல்லாம் வெள்ளை.
ஆனால் விரலில் உருட்டிப் பார்த்து இவர் சொல்வார்:
"இது நாப்பதாம் நம்பரு, மழை பேஞ்ச வாரம்."
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நூல் இல்லை,
தீக்குச்சி.
கூலிக்காகத் தறி நிறுத்திய பதினெட்டு நாள்.
சும்மாதான் இருந்தோம், நிறையப் படித்திருக்கலாம்.
முடியவில்லை.
பயம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்
எழுத்து ஏறுவதில்லை.

காலையில் மெயினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான்
இவர் போடுவார்.
எனக்கு முதல் வேலை
காலண்டர் அங்காளம்மன் முகத்தில்
படிந்த பஞ்சைத் துடைப்பது.
அவளுக்கும் மூச்சு முட்டுமில்லையா.
துடைத்துக்கொண்டே கேட்பது ஒன்றுதான்:
ஆத்தா, இன்னைக்குக் கரண்டை நிறுத்தீராதே.
பெரும்பாலும் கொடுத்திருக்கிறாள்.
மகள் கல்யாணம் அந்தக் கரண்டில்தான் நடந்தது,
என் கர்ப்பப்பை ஆப்பரேசனும்.

இன்றைக்கு
தூரத்தில் ஒரு வெளிச்சம் அசைகிற வரிக்கு வந்திருந்தேன்.
இவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.
நானும் ஒரு மூச்சு எடுத்தேன்.
டியூப்லைட் மூன்றும் கண்ணடித்து எரிந்தன.

"ச்சே" என்றோம்.
ரெண்டு பேரும், ஒரே நேரத்தில்.

பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம்,
எதிர்வீட்டுக் கொய்யாவில் கை வைத்துப்
பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி.
சோறு போடுகிறவள் வாசலில் வந்து நிற்க
கொஞ்சம் கழித்து வாயேன் என்கிறோம்.
இவர்தான் முதலில் சிரித்தார்.
நான் சாக்கு நுனியை வாயில் வைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

காலண்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.
தப்பா நினைச்சுக்காதே ஆத்தா.
நீ கொடுத்ததைத்தான் இத்தனை வருசம் எண்ணினோம்.
நிறுத்தி வைத்ததையும் சேர்த்து எண்ண
இப்போதுதான் தெரிகிறது.

இவர் எழுந்து போனார்.
மெயினில் கை வைத்தார், கும்பிட்டார்.
போடவில்லை.
"அந்த வெளிச்சம் படகுதானா?
அத மட்டும் சொல்லீரு சாமி" என்றார்.

வரியைத் தேடினேன், எழுத்து மங்கியது.
கண்ணாடியில் பஞ்சு.
திரும்பி வந்து
வேட்டி நுனியால் துடைத்து மாட்டிவிட்டார்.