ஒன்பது ரொட்டிகள்

உதேனாவில் உறைபனி.
ரிமந்தாஸின் ஆலையில் ஒன்பது கறுப்பு ரொட்டிகளைத்
தராசில் நிறுத்தாள் ஸ்கைஸ்தே.
உறையில் எண்ணூறு கிராம்.
சராசரியோ எட்டு குறைவு.

ஒரு சோறு பதம் என்பவளாயிருந்தால்
இந்நேரம் அபராதச் சீட்டைக் கிழித்திருப்பாள்.

திட்ட விலக்கம் பத்து என்கிறது எந்திரத்தின் கையேடு.
நம்பினால் இஸட் சோதனை,
ஆள் மாட்டிக்கொள்வான்.

ஆனால் அந்தப் பத்து
எந்திரம் புதிதாயிருந்தபோது எடுத்தது.
இப்போது அதற்கு ஒரு கால் மரக்கட்டை,
பெல்ட்டில் சணல் முடிச்சு.

தெரியாததைத் தெரியாதென்று எழுதிவிட்டு
ரொட்டிகளையே கேட்டாள்.
பதினான்கு என்றன.
வால் தடித்த டீ வளைவுக்குள்
எட்டு கிராமும் விழுந்து காணாமல் போயிற்று.

"அப்போ நான் யோக்கியன்?"
"அப்படி எழுதலையே.
இல்லையென்று சொல்ல ஒன்பது போதவில்லை."

பத்தாவதைப் பொட்டலம் கட்டி நீட்டினான்.
காசு வைத்துவிட்டே வாங்கினாள்.
வீட்டில் நிறுக்கவில்லை.