ஆலைக்குத் துதிக்கை இருந்த காலம்

அயோத்தியாபட்டணம் தாண்டி
இடப்பக்கம் மூன்றாவது சேகோ ஆலை.
புதிதாய் வந்திறங்கிய பிரிப்பு எந்திரம்
ஹெனான் மாகாணத்துச் சரக்கு.
கையேடு முழுக்கச் சீனம்.
வயரிங் வேலைக்கு வந்தவன் நான்.
பேனலில் இரண்டே பொத்தான்,
பச்சைக்கு மேல் 开, சிவப்புக்கு மேல் 关.

போனில் தேடினேன்.
பச்சை எழுத்தில் முன்பு ஒரு கதவு இருந்ததாம்,
இரட்டைக் கதவு, குறுக்கே தாழ்,
தாழைத் தூக்கும் இரண்டு கைகள்.
எழுத்தை எளிதாக்கியவர்கள்
கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
எதைத் திறக்கிறோம் என்று தெரியாமலே
அந்தக் கைகள்
இன்னும் திறந்துகொண்டிருக்கின்றன.

நல்லா இருக்கே என்று
அன்றிரவு டெஸ்ட் லாம்ப் வெளிச்சத்தில்
மேலும் தோண்டினேன்.

மூவாயிரம் வருஷத்துக்கு முன்,
எந்திரம் கிளம்பி வந்த அதே மாகாணத்தில்,
ஆமையின் அடியோட்டில் குழி குடைந்து
சூட்டுக்கோல் வைத்தார்கள்.
பட்டென்று மறுபக்கம் விரிசல் விட்டது.
ஒரு நெட்டுக்கோடு, பக்கவாட்டில் ஒரு கீறல்:
விரிசலே குறிகேட்டலுக்கு எழுத்தாயிற்று, 卜.
கேட்டதை அந்த ஓட்டிலேயே கத்தியால் செதுக்கினார்கள்.
அரசனின் பல்வலி, படையெடுப்பு, பிள்ளைப்பேறு.
இடையிடையே திரும்பத் திரும்ப
ஒரே கேள்வி:
மழை வருமா?

எனக்குச் சிரிப்பு வந்தது.
செங்கமலம் காலை ஆறு மணிக்குக்
களத்தில் ஜவ்வரிசியைப் பரப்புமுன்
சேர்வராயனைப் பார்த்துக் கேட்பதும் அதுதான்.
அவளுக்கு ஆமை வேண்டாம்.
உச்சியில் மேகம் முக்காடு போட்டால் போதும்.

அவள் பார்க்கிற மலை அவர்களிடம் மூன்று முகடு, 山.
மழை, வானத்து மூடிக்குக் கீழே நாலு துளி, 雨.
எலும்பில் கத்தி வளையாது,
அங்கே சூரியன் சதுரமானான், 日.
ஓலை கிழிந்துவிடும் என்று
நம் எழுத்து உருண்டது என்பார்கள்.
ஆளுக்கொரு பயம், ஆளுக்கொரு வடிவம்.

யானையிடம் வந்தபோதுதான் நின்றேன்.
துதிக்கையோடு வரைந்திருந்தார்கள்.
மூங்கில் பட்டையில் அகலம் பத்தவில்லையோ என்னவோ,
பின்னால் அது வாலை ஊன்றி
நெட்டுக்குத்தாய் எழுந்துகொண்டது.
யானைகள் தெற்கே போய்விட்டன.
பார்க்காதவர்கள் எலும்பை வைத்து உடம்பை நினைத்தார்களாம்,
அதே எழுத்துக்கு 'உருவம்' என்றும் பொருள் வந்தது.
துதிக்கையைப் பிடித்து யானையை நடத்தும் ஒரு கை,
அதற்குப் பொருள் 'செய்தல்'.
இன்று அது நாலே வீச்சு, 为.
கையும் இல்லை, யானையும் இல்லை.
வேலை மட்டும் நடக்கிறது.

மறுநாள் லாரி ஷெட்டுக்குப் பின்னால்
பொன்னுரங்கத்தின் அப்பா காலத்துத் தகரப் பலகை கிடந்தது.
துருவுக்கு நடுவே 'ஆலை'.
இப்போதுள்ள இரட்டைச் சுழி இல்லை,
ல-வோடு ஒட்டி வளைந்த ஒரு துதிக்கை.
எழுபத்தெட்டில் அரசாணை போட்டு
ஆலையிடமிருந்தும் மலையிடமிருந்தும்
அதை வாங்கிக்கொண்டார்கள்.
யானையிடமிருந்தும்தான்.
நான் பள்ளிக்கூடத்தில் எழுதிய யானைக்குத்
துதிக்கை இருந்ததே இல்லை.
மழைக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.
ழ-வுக்கு அந்த வழக்கமே இல்லை.

மூன்றரைக்கு, "வருது" என்றாள் செங்கமலம்.
வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.
பொன்னுரங்கம் போனைத் திருப்பிக் காட்டினார்:
"பத்து பர்சென்ட்தான் போட்டிருக்கு."
அவள் பதில் சொல்லவில்லை,
தார்ப்பாயின் ஒரு முனையை என்னிடம் எறிந்தாள்.

அந்த ஓடுகளில் இன்னொன்றும் உண்டு.
கேட்டதோடு விடவில்லை.
சிலவற்றில், பிற்பாடு என்ன நடந்தது என்பதையும்
கேள்விக்குப் பக்கத்தில் செதுக்கி வைத்தார்கள்.

ஆகவே மெயின்டனன்ஸ் நோட்டில்,
மோட்டார் ஆம்பியரும் பேரிங் சூடும் எழுதுகிற பக்கத்தில்,
ஈரக் கையோடு எழுதினேன்:

மழை வருமா.
வரும் என்றாள்.
நாலு பத்துக்கு வந்தது.
ஏழு மூட்டை நனைந்தது,
போனை நம்பிய பக்கம்.