கொட்டேஷனின் பின்பக்கம்

தக்கலையிலிருந்து வந்த சோலார்க்காரன்
நாலு பக்கம் அச்சடித்துத் தந்து போனான்.
ஐஸ் ஆலைக் கூரை தாங்குமாம்,
உப்புக்காற்றில் துருவேறாத சட்டமாம்,
ஏழாம் வருஷம் போட்ட முதல் திரும்புமாம்.
கடைசித் தாளைத் திருப்பிப் போட்டு
வெற்றுப் பக்கத்தில் என் கணக்கைத் தொடங்கினேன்.

முட்டத்தில் வள்ளம் கரை பிடிப்பது
விடியற்காலை மூன்று மணிக்கு.
சூரியனுக்கு அது தெரியாது.
ஆனி ஆடியில் பத்து நாள்
முகம் காட்டாமல் கிடப்பான்,
அப்போதும் சாளைக்கு ஐஸ் வேண்டும்.
பாட்டரி என்று எழுதி
விலையைப் பார்த்துவிட்டு
அடியில் கோடு போட்டேன். இரண்டு கோடு.

"பிறகென்ன, அணுக்கரண்டுதான் லாபம்" என்றான்
தம்பி ததேயுஸ்.
மாவட்ட எல்லைக்கு அந்தப்பக்கம்
உலையில் எட்டு வருஷமாய் கான்ட்ராக்ட் வேலை.
"ராத்திரி பகல் பார்க்காது, மழைக்கு நிற்காது."
நியாயம்தான். எழுதிக்கொண்டேன்.

யூனிட் என்ன விலை?
சொன்னான்.
அதில் எதெல்லாம் சேரும்?
அஸ்திவாரம் தோண்டையில் பிறந்த பிள்ளை
கரண்டு வரும்போது பள்ளிக்கூடம் முடித்திருக்கும்,
அத்தனை வருஷத்து வட்டி?
உன் சட்டையில் குத்திவிட்டுப்
பிறகு வாங்கிப் படித்துப் பார்ப்பார்களே
சின்ன பேட்ஜ், அதற்கென்ன ரேட்டு?
எரிந்து தீர்ந்த கம்பிக்குக் காவலிருக்க
எத்தனை தலைமுறை வாட்ச்மேன்,
எந்த ரூபாயில் சம்பளம்?

"அதையெல்லாம் சர்க்கார் பார்க்கும் அக்கா."

சர்க்கார் பார்க்கிற செலவுக்கு
என் தாளில் கட்டம் இல்லை.
பலகைக்கும் இல்லைதான்:
இருபத்தைந்து வருஷம் கழித்து
இத்தனை கண்ணாடியை எங்கே கொண்டு தட்ட?
சோலார்க்காரனுக்கு போன் போட்டேன்.
எடுக்கவில்லை.

இந்தக் கரையிலேயே கொஞ்சம் மேற்கே
மணவாளக்குறிச்சியில் கறுத்த மணல்.
என்றைக்கோ ஒருநாள் அதுவும் உலைக்குப் போகலாமாம்.
மண்ணுக்கு அன்று என்ன விலை பேசினார்கள்
என்று கேட்டேன்.
ததேயுஸ் சாளை முள்ளை
மெதுவாகத் தட்டோரம் ஒதுக்கினான்.

பகல் மெஷினுக்கு மட்டும் பலகை,
ராத்திரிக்கு வழக்கம்போல் கம்பம்.
அந்தக் கம்பத்தில்
காற்றாலை எது, கரி எது, அணு எது என்று
பில்லில் எழுதியா வருகிறது?

மணி பதினொன்று.
வாசலில் இறக்கிய கட்டிகளிலிருந்து
தண்ணீர் ரோடுவரை போயாச்சு.
ஆலை தொடங்கிய நாள்முதல்
எங்கள் பேரேட்டில் ஒரு பத்தி உண்டு:
வெயில் சேதம்.
ஒருநாள்கூட விட்டுப்போனதில்லை.
இன்றைக்கு அதே வெயிலை
வரவுப் பக்கத்தில் எழுதினேன்,
பென்சிலால்.