பெட்டியை ஒப்படைத்த பின்

வாக்குப் பெட்டியைத் தனியாள் கொண்டுபோகக் கூடாது,
இரண்டு கட்சியிலும் ஒவ்வொருவர், ஒரே வண்டியில்
என்பது எங்கள் கவுண்டியின் விதி.
அதனால்தான் நானும் டெல்மர் குச்சேராவும்
தேர்தல் வருஷத்தில் இரண்டு முறை
இருபத்தாறு மைல் சேர்ந்து போகிறோம்.
நடுவில் பெட்டி.
அதற்கும் ஒரு சீட் பெல்ட்.

வழியில் பேசக் கூடாது என்று விதி இல்லை.
பள்ளிக்கூட வரி, எல்லைச் சுவர்,
கிணற்றில் இறங்கிய உரம்,
யாருடைய ஆள் யாரைப் பொய்யன் என்றான்.
அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
என்னுடையதற்கும் நான்கு இல்லைதான்,
அதை அவரிடம் சொல்வேனா?

பத்தேகாலுக்கு ஒப்படைத்தோம்.
எழுத்தர் சீல் எண்ணை இருமுறை படித்தாள்.
அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம்
அந்த ஏழு இலக்கம்.
அப்புறம் பசி.

யுரிடியாவின் வண்டி டயர் கடைக்குப் பின்னால் நிற்கும் என்றேன்.
அங்கே டயர்தான் இருந்தது.
"உங்க நகரசபை துரத்திவிட்டது."
"உங்க ஆள்தான் உரிமக் கட்டணத்தை ஏற்றினான்."
எரியாத தெருவிளக்கின் கீழே
என்ஜினை அணைக்காமல்
பத்து நிமிஷம் குழாயடிச் சண்டை.
குழாய்தான் இல்லை.

நெடுஞ்சாலைக் கடைக்கே போகலாம் என்றார்.
மஞ்சள் சீஸ்,
கடித்தால் அப்பளமாய் நொறுங்கி மடியில் விழும் ஓடு.
அதை டாக்கோ என்று சொல்கிறவரோடு
வரியைப் பற்றி என்ன பேசுவது?

நெப்ராஸ்காவில் எங்கள் ஊரைச் சுற்றி மக்காச்சோளம்.
அறுத்த தட்டை, இருட்டிலும் வெளுப்பாய்,
முடிவே இல்லாமல்.
மாட்டுக்குப் போகும், எத்தனாலாகும், இனிப்புப் பாகாகும்.
ஒரு நல்ல சோள ரொட்டிக்கு மட்டும்
நள்ளிரவை நெருங்கும்போது பெட்ரோல் எரித்து அலைய வேண்டும்.
அந்தப் பெட்ரோலிலும் கொஞ்சம் சோளம் இருக்கிறது
என்றார் டெல்மர், பெருமையாய்.
அவர் விளைவித்தது.

சலவைக்கடை முன்னால் இல்லை.
இறைச்சி ஆலையின் மூன்றாம் வாசலில் ஒரு வண்டி,
வேறு யாருடையதோ, மூடிக்கொண்டிருந்தது.
கத்தி துடைத்த பையன்
வாயைத் திறக்காமல் முகவாயால் தெற்கே காட்டினான்.

முதலில் வெங்காயம் கருகும் வாசனை.
பிறகு புகை. பிறகு
கம்பியில் தொங்கிய குண்டு விளக்குகள்.
ஷிஃப்ட் முடிந்தவர்கள் ரப்பர் பூட்ஸோடு வரிசையில்.
எங்கள் சட்டையில் 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கர்.
வரிசையில் பேச்சு கொஞ்சம் குறைந்தது.
டெல்மர் பிய்த்துப் பைக்குள் போட்டார்.
நானும்.
ஏன் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"யார் ஜெயிச்சது?" என்றாள் யுரிடியா,
சுழலும் பன்றிக்கறிக் கோபுரத்தில் ஒரு சீவல் சீவி,
உச்சியிலிருந்த அன்னாசியை வெட்டி
விழுமுன் ரொட்டியில் பிடித்தபடி.
"இன்னும் எண்ணவில்லை" என்றோம், ஒரே குரலில்.
"சரி. சிவப்பா, பச்சையா?"
டெல்மர் ஒரு நொடி தயங்கியதை நான் பார்த்தேன்.
"சல்சா" என்றாள் அவள்.

உள்ளங்கை அகல ரொட்டி, இரண்டிரண்டாய்.
முள்ளங்கி. எலுமிச்சை.
வண்டியின் முன்மூடிதான் மேஜை,
நவம்பர் குளிரில் அதன் சூடும் சேர்ந்து இதமாய்.
சாறு மணிக்கட்டில் ஓடிக் கடிகாரத்தில் இறங்கியது.
ஆறு டாக்கோ வரை யாரும் பேசவில்லை.

ஏழாவதில் அவர் சொன்னார்:
"டயர் கடைக்குப் பின்னால் நின்றபோது
இதைவிட நன்றாக இருந்தது."
"நீங்கள் அங்கே சாப்பிட்டதே இல்லையே."
"செவ்வாய்க்கிழமை வருவேன்.
உன் கார் நிற்காத நாளாய்ப் பார்த்து."

திரும்பும்போது நடுச்சீட் காலி,
பெல்ட் மட்டும் பூட்டியபடி.
கிணற்று உரத்தை மறுபடி எடுத்தார்.
நான் விடவில்லை. அவரும் விடவில்லை.
என் வாசலில் இறங்கியபோது மணி ஒன்று,
பேச்சு பாதியில்,
விரலில் இன்னும் அன்னாசி.

கண்ணாடியை இறக்கி
"மீதி மே மாதம்" என்றார்.