டீசலும் சாக்பீஸும்

மழை விடட்டும் என்று இருந்ததில் மதியமாகிவிட்டது.
பியர் பார்ட் தாண்டி, கரும்புக்கும் சதுப்புக்கும் நடுவே
ஒவீட் நாக்கானின் தகரக் கொட்டகை.
வாசலில் மரக்கட்டைகள்மேல் இரண்டு அலுமினியப் படகுகள்,
மோட்டார் இல்லாத வெறும் உடல்கள்.

ஒன்றுக்குப் பச்சை பெயின்ட்.
மூட்டுகளைத் தேய்த்து வழித்து
எந்தத் தகடு எங்கே முடிகிறதென்றே
தெரியாதபடி செய்திருந்தது.
"தொட்டுப் பாருங்கள், வெண்ணெய்" என்றார்.
தொட்டேன். வெண்ணெய்தான்.
எனக்குப் பிடிக்கவில்லை.
பதினோரு வருடமாகப் பல் டாக்டரிடம் உதவியாள்.
பளபளக்கும் அடைப்புக்குக் கீழே
என்னவெல்லாம் இருக்குமென்று
யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

மற்றதற்குப் பெயின்ட் இல்லை. ஆயிரத்து எண்ணூறு டாலர்.
வலப்பக்க மூட்டில்
சில்லறைக் காசுகளைச் சரித்து அடுக்கினதுபோல்
வெல்டிங் போகிறது,
ஒவ்வொரு காசும் முந்தினதைப் பாதி மூடிக்கொண்டு.
ஓரங்கள் தகட்டோடு கரைந்துவிட்டன;
நகத்தை ஓட்டினேன், எங்கும் மாட்டவில்லை.
இதைச் செய்த கைக்கு அன்று அவசரமில்லை.

இடப்பக்கமும் பாதிவரை அதே காசுகள்.
பிறகு ஒரு முழத்துக்கு
கோழி எச்சம்.
உருகின கம்பி தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது,
உள்ளே இறங்கவில்லை,
அழைக்காத கல்யாணத்தில்
நாற்காலி நுனியில் உட்கார்ந்தவனைப்போல.
சுற்றிலும் கரி. துடைத்தேன், விரலில் வந்தது.

கைப்பையிலிருந்து வாய்க்கண்ணாடியை எடுத்தேன்,
கொக்கி ஊசியையும்.
ஒவீட் சிரித்தார். கொஞ்சநேரம்.
பின்பலகை மூலையில், சட்டத்துக்குப் பின்னால்,
வாங்க வருகிறவன் குனியமாட்டான் என்று
விற்கிறவன் நம்புகிற இடம்.
கண்ணாடியை நுழைத்தேன்.
வெல்டிங் நின்ற இடத்தில் ஒரு குழி,
குழிக்குள் நட்சத்திரம்போல் கீறல்.
ஊசி மாட்டியது.
"வலிக்கிறதா?" என்று வாய்வரை வந்துவிட்டது.

"அது ஒன்றுமில்லை" என்றார்.
"டீசல் இருக்கிறதா?" என்றேன்.

வெளிப்பக்கம் மூட்டு நெடுக
சாக்பீஸைப் பொடியப் பொடியத் தேய்த்தேன்.
உள்பக்கம் கந்தலால் டீசல்.
தண்ணீர் தயங்கும் துளையில்கூட டீசல் நுழைந்துவிடும்.
இருபது நிமிடம் ஆகும்.

காபி கொடுத்தார், சிக்கரி தூக்கல்.
"புயல் வருகிறது, கிளம்பு என்று ரேடியோ.
பாதியில் கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் போட்டேன், அதற்கு மூச்சு வாங்கிற்று.
தகடு ஈரம். தெரியும்.
மகள் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தாள்."
பிறகு கோப்பைக்குள் பார்த்தார்.

வெள்ளையில் மூன்று கறைகள்.
குழியில் ஒன்று, கோழி எச்சத்தில் இரண்டு.
சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன்.
ஆயிரத்து நூறு என்றேன்.
பச்சையை அந்த விலைக்கே தருகிறேன் என்றார்,
ஒரு கறைகூட வராது.
"அதற்கும் டீசல் தடவலாமா?"
ஒவீட் மழையைப் பார்த்தார்.

ஆயிரத்து இருநூறுக்குப் பேசி முடித்தோம்.
டிரெய்லரில் கட்டிக்கொடுத்தபோது
சிவப்பு வட்டங்களை அவர் பார்க்கவில்லை,
வலப்பக்கத்தை மட்டும் ஒருமுறை
உள்ளங்கையால் தடவிவிட்டார்.
வாங்கினது அந்தப் பக்கத்துக்காகத்தான்.
ஓட்டை எங்கேயென்று தெரிந்தால்
காசைக் குறைத்துக் கேட்கலாம், கிழித்துத் திரும்ப வெல்டிங் வைக்கலாம்,
ஜனவரியில் நண்டுமாதிரி கொடுக்கு நீட்டும் அந்த இறால்களுக்குக்
கூண்டு போட இறங்கிவிடலாம்.

வடிகால் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன்.
எழுபதாம் நெடுஞ்சாலை முழுக்க மழை
படகுக்குள் விழுந்துகொண்டே வந்தது.
பெட்ரோல் பங்கில் இறங்கி, சுற்றிவந்து, குனிந்தேன்.
முதல் வட்டத்தில் சொட்டு.
இரண்டாவதில் சொட்டு. மூன்றாவதிலும்.
சரிதான் என்று நிமிரப் போனேன்.
வலப்பக்கம், காசுகளுக்கு நடுவே,
வட்டம் போடாத இடத்தில்
ஒரு துளி
விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.