மூன்று பாகம்

கோஸ்போர்ட்டில், படகுத்துறைக்குப் பின்தெருவில்,
செவ்வாய், வியாழன், சனி
கமாண்டர் ஹெட்லி பென்ஹாலோவைக்
குளிப்பாட்டுவது என் வேலை.
தொண்ணூற்று மூன்று வயது.
தொட்டியில் நீர் ஏறும்போது
கயிறு கோத்த சோப்பைத் தொங்கவிட்டு
ஆழம் பார்ப்பார்.
"பதினோரு அங்குலம். அடி: எனாமல்."
நான் எழுதிக்கொள்ள வேண்டும்.
எழுதாவிட்டால் இறங்கமாட்டார்.

பதின்மூன்று வயதில் டார்ட்மத் கல்லூரி.
கூடப் படித்தவர்கள் பீரங்கி கேட்டார்கள்.
இவர் கையில் கிடைத்தது ஈயக்குண்டு.
அதன் அடிக்குழியில் மாட்டுக்கொழுப்பு அப்பி
இறக்கினால்
கடல் தன் தரையிலிருந்து கொஞ்சம்
ஒட்டி அனுப்பும்:
மணல், கிளிஞ்சல், நீலச் சேறு.
ஒன்றும் ஒட்டாமல் வந்தால் பாறை.
முப்பத்திரண்டு வருடம் இதுதான் உத்தியோகம்.
ஒரு கப்பலையும் மூழ்கடித்ததில்லை.
"மூழ்காமல் போனவற்றை
யாரும் எண்ணுவதில்லை" என்பார்,
குறையாக அல்ல, கணக்காக.

போரிலும் மண்தான் அள்ளினார்.
நிலவில்லாத ஒரு ஜனவரி இரவு
பிரெஞ்சுக் கரையில் தவழ்ந்து ஏறி,
டாங்கி தாங்குமா இந்த மணல் என்று
குழாயில் அடைத்துக்கொண்டிருக்கும்போது
மேட்டில் காவல்காரன் ஒருவன்
ஜெர்மன் மொழியில் தும்மினான்.
தும்மலுக்கு ஏது மொழி என்றேன்.
"அன்றிரவு இருந்தது."

பதக்கம் சமையலறை இழுப்பறையில்,
உருளைக்கிழங்கு சீவியோடு.
மனைவி முரியல் இருந்தவரை
விருந்தாளி வந்திருக்கிறார் என்றுதான்
அக்கம்பக்கத்தில் சொல்வாளாம்.
அவள் எந்தப் பக்கம் படுப்பாள் என்பதே
நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது என்றார்.
சிரிக்கலாமா என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.

போன மாதம் முதுகு தேய்க்கையில்
திடீரென்று ஆரம்பித்தார்.
ஐம்பத்தொன்று, பெப்ரவரி.
வாஷ் வளைகுடா. பனிமூட்டம்.
குண்டு எறிகிறவன் லெனி டிரஸ்காட்,
பத்தொன்பது வயது.
ஈரக்கயிறு உறைந்து
அவன் உள்ளங்கையைக் கிழித்திருந்தது.
"கையை உள்ளே வை, இது ஒன்று போகட்டும்."
முந்தைய அளவு இரண்டு பாகம்.
அடுத்தது நான்கு.
இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில்
மூன்றுதானே வரும்?
மூன்று என்று எழுதினார்.
அச்சேறியது. மாலுமிகள் நம்பினார்கள்.

யாரும் தட்டி நிற்கவில்லை. ஒரு மீன்படகுகூட.
ஆனாலும் ஓய்வுபெற்ற பிறகு
வரைபட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்.
அந்த அலுவலகம் இருப்பது
கடலே எட்டிப்பார்க்காத டான்டன் ஊரில்.
முதல் கடிதத்துக்கு நன்றி வந்தது.
இரண்டாவதுக்கு, பாகமெல்லாம்
மீட்டர் ஆகிவிட்டதென்று பதில்.
மூன்றாவதுக்கு ஒரு புகைப்படம்:
அந்த இடம் இப்போது மணல்திட்டு.
சீல்கள் புரண்டு படுத்திருக்கின்றன.
கடலே திருத்திக்கொண்டது ஐயா, விடுங்கள் என்றேன்.
"கடல் திருத்தியது கடலை. என் மூன்று
அப்படியேதான் இருக்கிறது."

எங்கள் கரையிலும் பாகம் என்றுதான் சொல்வோம்,
இரண்டு கையும் விரித்த நீளம், என்று சொன்னேன்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே
என்பதையும் சொன்னேன்.
இரண்டையும் நோட்டில் எழுதச் சொன்னார்,
என் எழுத்திலேயே.
வளைவுகளைக் கொஞ்சநேரம்
கரையோரம் போலப் பார்த்தார்.

இன்று சனி.
கைப்பிடி பற்றி எழுந்து நின்றார்,
நடுங்கிக்கொண்டு, காதில் நுரையோடு.
துண்டை விரித்துப் பிடித்தேன்.
உடனே வரவில்லை.
என் இடக்கை நுனியிலிருந்து வலக்கை நுனிவரை
கண்ணால் ஒருமுறை போனார்.
போதாமல், ஈர விரலால்
சாண் சாணாக அளந்தார்.
தண்ணீர் என் கை வழியே
முழங்கைக்குள் ஓடியது.

"ஐந்தடி இரண்டங்குலம்.
பாகத்துக்குப் பத்து அங்குலம் குறைவு.
எழுதிக்கொள்" என்றார்,
"இது அளந்தது."