ஒற்றைக் கையால் புல் பறிப்பவள்

இங்கே விடிந்தால்தான் மணி ஒன்று.
என் கடிகாரம் ஏழு என்கிறது.
சிமியன் மலையின் பாறை விளிம்பில்
கெலாடாக்கள் ஒவ்வொன்றாய் ஏறி வருகின்றன,
இரவைப் பள்ளத்திலேயே தொங்கவிட்டு.

அம்பாச்சேவ் துப்பாக்கியைக் கல்லில் சாய்த்துவிட்டு
வறுத்த பார்லியை என் உள்ளங்கையிலும் கொட்டுகிறார்.
"நேற்று மாறிவிட்டது" என்கிறார்.
எது என்று கேட்க வேண்டியதில்லை.
நான்கு ஆண்டுகள் எட்டுப் பெண்களின் நடுவே இருந்தவன்
ஓரத்தில் இருக்கிறான்.
அவன் மார்புச் சிவப்பு இனி
துவைத்த துணிபோல் வெளுக்கும்.
புதியவன் மேலுதட்டைப் புரட்டிக் காட்டுகிறான்,
பல்லும் ஈறும் வெயிலில்.

அவர்கள் கணக்கில் நான்கு மணிக்கு, என் கணக்கில் பத்துக்கு,
நடந்தது.
அதற்கு இரண்டெழுத்தில் ஒரு குறி இருக்கிறது.
எழுதினேன். பென்சில் முனை உடையவில்லை.
கை நடுங்கவில்லை.
அதுதான் உறுத்துகிறது.

பால் வற்றினால் சீக்கிரம் சினை பிடிக்கும்,
இவனுக்கு வாய்த்த காலமோ கொஞ்சம்.
கணக்கு சரியாகவே வருகிறது.
அந்தக் கணக்கை மடியில் வைத்துக்கொண்டு
ஒருத்தி ஈ ஓட்டுகிறாள்.

சினையாயிருந்த இன்னொருத்தியின் உடல்
யாரையும் கேட்காமல் கருவைக் கலைத்துக்கொண்டது.
சாணக் குப்பிகள் ஆய்வகம் போய்த் திரும்பிய பிறகுதான்
எங்களுக்கே தெரிந்தது.

"அப்பா செத்த வருஷமே அம்மா இன்னொருவரைக் கட்டினாள்.
தெபார்க் சந்தைக்கு என்னைத் தோளில் தூக்கிப்போனவர் அவர்தான்"
என்கிறார் அம்பாச்சேவ், கேளாமலே.
அடித்திருக்கிறாரா?
"மாட்டைத் தொலைத்தால் யார்தான் அடிக்கமாட்டார்."

மூன்றாம் நாள் புதியவன் மறுபடி பாய்ந்தான்.
ஓரத்துக்காரன் எழுந்துவந்து குறுக்கே நின்றான்.
இழந்ததை மீட்கும் ஆசை
அவன் நிற்பில் இல்லை.
அவன் முதுகு மயிரில் ஒரு குட்டி
பிடி விடாமல் தொற்றியிருந்தது,
அவ்வளவே.
அதற்கும் ஒரு குறி உண்டு. பட்டியலில் தேடவில்லை,
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள்
ஒன்பது நாள் இடக்கையில் அதைச் சுமந்தாள்,
வலக்கையால் மட்டும் புல் பறித்தாள்.
தோல் காய்ந்து வால் ஒரு கயிறாகிவிட்டிருந்தது.
கீழே வைப்பாள், பத்தடி போவாள்,
திரும்பி வந்து எடுப்பாள்.

பத்தாம் நாள் ஆலங்கட்டி மழை.
பனி விலகியபோது
அவள் லொபிலியாச் செடிகளுக்கு அப்பால் உட்கார்ந்து
இரண்டு கைகளாலும்
வேகவேகமாகப்
புல் பறித்துக்கொண்டிருந்தாள்.